அவுங்களுக்கு அப்படி, நமக்கு இப்படி

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தில்லி மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் நான் எழுதியது ஒரு ரெஜிஸ்டர் மட்டும்தான். தேதி, கூண்டு நம்பர், தின்றது, தின்னாமல் விட்டது, முகத்தின் நிறம். கடைசியில் ‘வேறு விவரம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விடுவேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள் என்று வீட்டிலும் வேலையிலும் எனக்குப் பெயர். அப்படிப்பட்டவள் இன்னொரு மனுஷியைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னிக்க வேண்டும். அந்தக் கடைசிக் கட்டத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பெயரைப் போடப்போவதில்லை. அவருடைய வீட்டுக்காரர் உயிரோடு இருந்து இதைப் படித்தால் பெயர் இல்லாமலே தெரிந்துகொள்வார். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்.

தில்லியின் தெற்குப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையம். அதன் மூன்றாவது மாடி முழுக்கக் குரங்குகள். பெண்களுக்குக் கர்ப்பம் தங்காமல் இருக்க ஓர் ஊசி கண்டுபிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்குப் போடுவதற்கு முன்னால் குரங்குகளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கூண்டு கழுவுவது, ஊறவைத்த கடலையும் வாழைப்பழமும் வைப்பது, கீழ்த் தட்டில் தேங்கும் மூத்திரத்தைப் பாட்டிலில் பிடித்து நம்பர் ஒட்டுவது, இவ்வளவும் என் வேலை. அந்தப் பாட்டிலை வாங்கிப் பரிசோதிப்பது அக்காவின் வேலை. அவர் லேப் டெக்னீஷியன். ஊர் ஈரோட்டுப் பக்கம். வீட்டுக்காரர் மத்திய சர்க்காரில் குமாஸ்தா, சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ். நான் தினக்கூலி, ஜுக்கிக் குடிசையிலிருந்து வருகிறவள். என் வீட்டுக்காரர் ஏஷியாட் விளையாட்டுப் போட்டிக்காக அவசர அவசரமாக எழும்பிக்கொண்டிருந்த ஃப்ளைஓவர் ஒன்றில் கம்பி கட்டினார்.

அக்கா ஒல்லி. புடவைக்கு மேல் போட்ட வெள்ளைக் கோட்டு அவர்மேல் மாட்டி வைத்ததுபோல் தொங்கும். இடது மணிக்கட்டில் குரங்கின் நகக் கீறல்கள் மூன்று, ஆறிப்போன வெள்ளைக் கோடுகள். அதை யாராவது கேட்டால், “என்ற தப்புத்தான். கேக்காம கையப் பிடிச்சுட்டேன்” என்பார். குரங்குகளோடு அவர் மரியாதை போட்டுத்தான் பேசுவார். வியாழக்கிழமை ரத்தம் எடுக்கும் நாள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, “வாங்க, கைய நீட்டுங்க. ஒரு நிமிசந்தான். அவ்வளவுதானுங்க, முடிஞ்சுது” என்று சொல்லிக்கொண்டே எடுப்பார்.

குரங்கைப் பிடித்துக்கொடுக்க ஒரு கட்வால்காரக் கிழவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் சாச்சா. மேடம் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் பெண்டாட்டிகூட நாற்பது வருஷத்தில் தன்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

“உங்க ரத்தத்தை அவங்க எடுத்திருந்தா பேசியிருப்பாங்க சாச்சா” என்று அக்காவும் இந்தியிலேயே சொன்னார்.

சாச்சா யோசித்துப் பார்த்துவிட்டு, “தினமும் எடுக்கிறாளே மேடம்ஜி” என்றார். அன்றைக்கு ரத்தம் எடுத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அக்காவுக்கு ஒரு பழக்கம். குரங்கைப் பற்றி ஒன்று சொன்னால் அந்த மூச்சிலேயே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லி, இரண்டையும் வேறு வேறாகப் பிரித்து வைத்துவிட்டுத்தான் நிறுத்துவார். “அவுங்களுக்கு அப்படி, நமக்கு இப்படி.” ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது காதில் விழும். மற்றவர்கள் குரங்குக்கும் மனுஷனுக்கும் வால் ஒன்றுதான் வித்தியாசம் என்று வேடிக்கையாகப் பேசும்போது அக்கா சிரிக்க மாட்டார். வித்தியாசம் தெரியாமல் இந்த வேலைக்கு வரக் கூடாது என்பார்.

முதல் வருஷம் எனக்கு முகத்தின் நிறம் எழுதத் தெரியவில்லை. எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது. அக்கா என்னை இருபத்திரண்டாம் கூண்டுக்கு முன்னால் நிறுத்தினார்.

“இன்னிக்கு இந்த மூஞ்சிய நல்லாப் பாத்து வெச்சுக்க அம்மிணி. நாலு நாள் போயி மறுக்காப் பாரு.”

அம்மிணி என்று அவர்கள் ஊரில் பெண்களைப் பிரியமாகக் கூப்பிடுவார்களாம். நாலு நாள் கழித்துப் பார்த்தேன். முகமும் பின்பக்கமும் குங்குமம் அப்பியதுபோல் சிவந்து கிடந்தன.

“ஈஸ்ட்ரோஜன் ஏறுது. எனக்குத் தேதி ஆச்சுன்னு மூஞ்சியிலயே எழுதி ஒட்டிக்கறாங்க. கூட்டத்துல அத்தனை பேருக்கும் தெரியும். நமக்கும் அதே ஹார்மோன்தான், அதே இருபத்தெட்டு நாள் கணக்குத்தான். ஆனா நம்ம மூஞ்சியில ஒண்ணும் தெரியாது. கட்டுன புருசனுக்குத் தெரியாது. நமக்கே தெரியாது. அவுங்களுக்கு அப்படி, நமக்கு இப்படி.”

மே மாதம் தில்லியில் வெயில் அடிக்கும்போது கூண்டுகளில் எந்த முகமும் சிவக்காது. ரெஜிஸ்டரில் வரிசையாக ‘வெளிறல், வெளிறல்’ என்று எழுதுவேன். குரங்குகளுக்கு நோய் வந்துவிட்டதோ என்று பயந்து அக்காவிடம் சொன்னேன்.

“நோயெல்லாம் இல்ல. வெயில் காலத்துல அவுங்க கடையச் சாத்திருவாங்க. முட்டையே வராது. மழை நின்னு குளிர் தட்டுனாத்தான் மறுபடி தொறப்பாங்க. நமக்கு சீசனே கெடயாது. வருசம் பூரா எதிர்பாக்கலாம், வருசம் பூரா ஏமாறலாம்.”

அதை நான் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவருக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் என்பதும் பிள்ளை இல்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு அதற்குள் இரண்டு.

மனுஷர்களைச் சொல்ல அவர் ‘நம்ம ஜாதி’ என்பார். “நம்ம ஜாதிக்கு அது வராது”, “நம்ம ஜாதிக்கு அது ஒத்துக்காது.” வேறு யாரும் என்னையும் சேர்த்து அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. இதை அவரிடம் சொல்லவும் இல்லை.

இனி வளையலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கர்ப்பம் பார்க்கும் சோதனை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் நடக்கும். மூத்திரத்தையும் மருந்தையும் அதில் கலந்து ஒரு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் விட வேண்டும். ஸ்டாண்டுக்கு அடியில் சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. குழாயின் அடிப்பாகம் அதில் தெரியும். கர்ப்பம் இருந்தால் அடியில் பழுப்பாக ஒரு வளையம் படிந்திருக்கும். இல்லாவிட்டால் வெறும் கலங்கல். வளையத்தை அக்கா வளையல் என்பார். “முப்பதுக்கு வளையல் போட்டாச்சு” என்றால் முப்பதாம் நம்பர் குரங்கு சினை என்று நான் எழுதிக்கொள்வேன். குரங்குக்கு ஒரு மருந்து, பெண்களுக்கு வேறு மருந்து. ஒன்றுக்கு இன்னொன்று ஆகாது. குழாயும் கண்ணாடியும்தான் பொது.

இங்கேயும் ஒரு வித்தியாசம் உண்டு. குரங்குக்கு அந்த ஹார்மோன் கொஞ்ச நாள்தான். ஆண் கூண்டில் விட்ட மூன்றாம் வாரத்தில் வளையல் தெரியும். நாற்பது நாள் ஆவதற்குள் போய்விடும். குட்டி பாட்டுக்கு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். பெண்களுக்கு அப்படி இல்லை. பிரசவம் வரை வளையல் இருந்தாக வேண்டும்.

இதில் ஒரு தடவை பெரிய சண்டையே நடந்தது. புதிதாக வந்த ஓர் இளம் டாக்டர், இருபத்தேழுக்கு வளையல் காணோம் என்று பார்த்துவிட்டு, கர்ப்பம் கலைந்துவிட்டது, திரும்ப ஆண் கூண்டில் விடுங்கள் என்று சொல்லிவிட்டார். சாச்சா கூண்டைத் திறக்கப் போனார். அக்கா கூண்டின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

“நோ சார். கலையலை. இவங்களுக்கு இது போகத்தான் போகும்” என்று ஆறு பேர் முன்னால் இந்தியில் சொன்னார். “நீங்க பொம்பளைங்க கணக்கை இங்க போடறீங்க.”

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “உங்களுக்கு ரொம்பத் தெரியுமோ?” என்று கேட்டார்.

“குரங்கைத் தெரியும் சார்.”

பெரிய டாக்டர் வந்து அக்கா சொன்னதுதான் சரி என்று சொல்லும்வரை அவர் நகரவில்லை. பங்குனியில் இருபத்தேழு குட்டி போட்டது. அதை முதலில் போய் இளம் டாக்டரிடம் சொன்னவர் சாச்சா. அக்கா அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு அக்காவின் வேலை தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டவர்கள் விடியற்காலையில் அவர் வீட்டுச் சமையலறைக் கதவைத் தட்டி ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அக்கா அதைப் பைக்குள் வைத்து பஸ்ஸில் எடுத்து வருவார். சாயங்காலம் போய் உண்டு, இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். ஒருநாள் பழைய ஸ்வெட்டர் தருகிறேன் என்று என்னையும் கூட்டிப் போயிருந்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்ப் பெண் ஒருவர் கதவுக்குப் பக்கத்திலேயே காத்திருந்தார். மூன்று மாசக் கர்ப்பம். முதல் மாசம் அவருக்கு வளையல் வந்திருந்தது.

“வளையல் இல்லீங்க” என்றார் அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

“ரெண்டு நாள் பாத்துட்டு மறுபடி குடுக்கட்டுமா? ஒருவேளை தப்பா வந்திருந்தா?”

“தப்பா வரலீங்க, ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன். நம்ம ஜாதிக்கு வளையல் போச்சுன்னா உள்ள உசுரு போச்சுன்னு அர்த்தம். அதை உள்ளயே வெச்சிருந்தா போகப் போக நம்ம ரத்தமே கெட்டுப்போயிரும், ஒறையாது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகோணும். பொடவை மாத்திட்டு வாங்க, நானும் வர்றேன்.”

அந்தப் பெண் அழுதுகொண்டே உள்ளே போனார். அக்கா என்னிடம் திரும்பி, “சொல்லித்தான் ஆகோணும் அம்மிணி. தெரிஞ்சுட்டுச் சொல்லாம இருக்கறதைவிடப் பாவம் ஒண்ணு இல்ல” என்றார். எனக்கு ஸ்வெட்டரைக் கொடுக்க மறந்துவிட்டார். அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுத்தார்.

தன்னைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு தடவை. குழாய் கழுவும் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். “எனக்கும் ரெண்டு தடவ நின்னுச்சு. ரெண்டும் ரெண்டாம் மாசமே போயிருச்சு” என்றார். துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஃப்ளைஓவர் வேலை நடந்த அந்த வருஷம், குளிர் தொடங்கும்போது, ஒரு திங்கட்கிழமை ஸ்டாண்டில் நம்பர் இல்லாத ஒரு குழாய் நின்றது. நம்பர் ஒட்டும் இடத்தில் ஒரு குங்குமப் பொட்டு. அக்கா என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். அடியில் வளையல், காம்பஸ் வைத்து வரைந்ததுபோல்.

“எந்தக் கூண்டுக்கா?”

அவர் கோட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்து முன்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வயசு.

அதே வாரம் நாற்பத்தொன்றாம் கூண்டுக்கும் வளையல் வந்தது. நாற்பத்தொன்று முதல் தடவை சினையாகிறது. அதனால் அக்கா அதன்மேல் தனியாக ஒரு கண் வைத்துக்கொண்டார். “நாம ரெண்டு பேரும் ஒண்ணா வளையல் போட்டிருக்கமுங்க” என்று அதனிடம் சொல்வார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பொட்டு வைத்த குழாய் ஸ்டாண்டின் ஓரத்தில் நின்றது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வளையல் இருந்தது. கார்த்திகை மாசக் கடைசியில் நாற்பத்தொன்றுக்கு மறைந்தது.

“பாத்தியா, கழட்டி வெச்சுட்டாங்க” என்றார். “அவுங்களுக்கு அப்படி, நமக்கு இப்படி. நான் பிரசவம் வரைக்கும் கழட்டக் கூடாது.”

தில்லியில் குளிர்காலம் வந்தால் ஆபீஸ் பெண்கள் எல்லோரும் சாப்பாட்டு நேரத்தில் புல்தரையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள். அக்கா அதுவரை பின்னல் ஊசியைத் தொட்டதில்லை. அந்தக் குளிருக்கு மார்க்கெட்டில் மஞ்சள் கம்பளி நூல் வாங்கி வந்தார். ஒரு பஞ்சாபி அம்மாளிடம் கற்றுக்கொண்டு ஒரு குல்லா ஆரம்பித்தார். தப்பாகப் போனதும் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். சாச்சா ஒருநாள் அதை வாங்கிப் பார்த்து, இது குரங்குக் குட்டிக்குத்தான் சரியாக இருக்கும் என்றார். அக்கா அதையும் ரசித்தார். அந்த ஆறு வாரமும் அவர் எதையும் ரசித்தார்.

ஏழாவது திங்கட்கிழமை பனிமூட்டம். பஸ் வராமல் நடந்து வந்து சேர்ந்தேன். அக்கா முன்னாலேயே வந்து குழாயை நிறுத்தியிருந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் தொட்டியில் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். நிமிரவில்லை. பிறகு அந்தக் குழாயைத் தானே எடுத்துத் தொட்டியில் கொட்டினார். மருந்துப் பெட்டியில் தேதி சரியா என்று பார்த்தார். புதுக் குழாய் எடுத்து மறுபடி போட்டார். மத்தியானம் அதையும் கொட்டினார். மறுநாள் காலையில் இன்னொன்று. அதை நான் பார்த்தேன். அடியில் கலங்கல்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவர் புல்தரைக்குப் போகவில்லை. நாற்பத்தொன்றாம் கூண்டுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பழம் வைக்கப் போனேன். நாற்பத்தொன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. அதன் வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

“இவங்களுக்கு வளையல் எப்பப் போச்சு அம்மிணி?”

அவருக்குத் தெரியும். நான் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தேன்.

“கார்த்திகையிலயே போச்சுக்கா.”

“போயி மூணு வாரத்துக்கு மேல ஆச்சு.”

“ஆமாங்கா.”

“நல்லாத்தானே இருக்காங்க?”

அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். என்னிடம் அவர் எதையும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. எப்போதும் சொல்கிறவர் அவர்தான். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வாய் திறந்தேன்.

“நல்லா இருக்காங்கக்கா. வயிறு நல்லா வளருது” என்றேன்.

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

“அவுங்களுக்கு அப்படி” என்றார் அக்கா. மற்ற பாதிக்காக நான் பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லவில்லை. எழுந்து முக்காலியைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பொட்டு வைத்த குழாய் ஸ்டாண்டில் வரவில்லை. மாசம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனவர் போவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரரிடம் போய் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் அக்கா மறந்த டிபனைக் கொடுக்க வாசல் கேட்டுக்கு வந்த அவர் என்னிடமே, “டாக்டரம்மா எல்லாம் சரியா இருக்குதுன்னாங்களாமா” என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் டிபனை வாங்கிக்கொண்டேன். அக்கா கோட்டின் பொத்தான்களைத் திறந்துவிட்டுக்கொண்டு, வயிறு பெருத்தவர்கள் நடப்பதுபோல் சாய்ந்து நடந்தார். ஆனால் புடவைக் கொசுவம் பழைய இடத்தில்தான் இருந்தது. குல்லா முடிந்து, காலுறை ஆரம்பித்திருந்தார். “நேத்து அசஞ்சுது அம்மிணி” என்று ஒருநாள் சொன்னார். நான் தலையாட்டினேன்.

எல்லோரும் கேட்பார்கள், ஏன் சொல்லவில்லை என்று. என்னையே நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் இல்லை, அக்கா என்னைத் திட்டக்கூட மாட்டார். எனக்குத் தெரிந்தது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. அவர் சொல்லிக்கொடுத்ததை அவருக்கே எப்படிச் சொல்வது? ஒரு தடவை பஸ் ஸ்டாப்பில் அவர் பக்கத்தில் நின்று, இந்த பஸ் போனதும் சொல்லலாம், அடுத்த பஸ் போனதும் சொல்லலாம் என்று மூன்று பஸ்ஸை விட்டேன். நாலாவதில் அவர் ஏறிப் போய்விட்டார். ஒரு தடவை துண்டுக் காகிதத்தில் எழுதினேன். ‘அக்கா, நமக்கு இப்படி’ என்று ஒரே வரி. அதைக் குரங்குகளின் கழிவோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன்.

தை பிறந்தது. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, குளிரில் ஈறு வெடிக்கிறது என்றார். கையில், கூண்டுக் கதவு பட்ட இடமெல்லாம் நீலம் நீலமாகக் கன்றி நின்றது. மாறவே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் காத்திருந்த அந்தப் பெண்ணிடம் அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும். இரண்டு பேரும் நாற்பத்தொன்றின் வயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

வளையல் போய் ஏழாவது வாரம், திங்கட்கிழமை. நான் உள்ளே நுழைந்தபோது ஸ்டாண்டின் ஓரத்தில் பொட்டு வைத்த குழாய் நின்றது. அக்கா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். “இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்குது” என்றார், நான் ஒன்றும் கேட்காமலே. கொஞ்ச நேரத்தில் எழுந்து வராந்தாவுக்குப் போனார். சாச்சா “பிட்டியா, பிட்டியா” என்று என்னைக் கூப்பிடும் சத்தம் கேட்டு ஓடினேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே மொசைக் தரை முழுக்க ரத்தம்.

ஆபீஸ் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவருடைய தலை என் மடியில் இருந்தது. என் புடவை நனைந்து, ஜீப்பின் தகரத்தில் சொட்டியது. சாச்சா முன்னால் உட்கார்ந்து டிரைவரிடம் “ஜல்தி, ஜல்தி” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“நமக்கு இப்படி, அம்மிணி” என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார், ஜீப் சத்தத்திலும் கேட்டது. விட்டுப்போன பாதியைச் சொல்லி முடித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கேட்காமல்தான் பிடித்தேன்.

உள்ளே இருந்தது இறந்து வெகுநாள் ஆகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். ரத்தம் நிற்கவில்லை. பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். சாச்சாவும் கொடுத்தார், என் வீட்டுக்காரரும் வேலையிலிருந்து வந்து கொடுத்தார். ஏறிய ரத்தமும் உறையவில்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அக்கா இறந்துபோனார்.

அவருடைய வீட்டுக்காரர் வராந்தா பெஞ்சில் மடியில் அந்த மஞ்சள் குல்லாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவின் கைப்பையைத் திறந்து பார்த்திருக்கிறார். நான் எதிரே நின்றேன். அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“அவளுக்கு முன்னாலயே தெரியுமா அம்மிணி?”

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“தெரியாதுங்க” என்றேன்.

“உனக்கு?”

“எனக்கென்னங்க தெரியும்” என்றேன்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. வேலைக்குப் போனேன். வராந்தாவை ஏற்கெனவே கழுவிவிட்டிருந்தார்கள். பொட்டு வைத்த குழாய் ஸ்டாண்டிலேயே நின்றது. கண்ணாடியில் பார்த்தேன், கலங்கல்தான். அதைக் கொட்டி, கழுவிக் கவிழ்த்தேன். நாற்பத்தொன்று கடலையைத் தின்றது, பழத்தில் பாதியை வைத்துவிட்டது, முகம் வெளிறல். கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.